ஊர் மெச்சும் பாட்டும் உலகம் மெச்சும் பாட்டும்: ஸ்வீடனின் மெலோடிஃபெஸ்டிவாலென் வரலாறு

ஐரோப்பிய நாடுகளின் பொது ஒலிபரப்பு நிறுவனங்கள் 1950இல் ஒன்றுகூடி அமைத்த ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம், 1956 மே 24 அன்று சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஒரு பாட்டுப் போட்டியை நடத்தியது. போர் முடிந்து பத்தாண்டுகளே கடந்திருந்த அக்காலத்தில், ஒரு நாட்டு அரங்கில் நிகழ்வதைப் பல நாட்டு வீடுகளில் ஒரே நேரத்தில் காட்ட முடியுமா என்று அறியும் தொழில்நுட்ப ஆவலும், சுவிஸ் ஒலிபரப்பாளரான மார்செல் பெசான்சோனின் முயற்சியும், இத்தாலியின் சான்ரெமோ நகரில் 1951 முதல் நடந்துவந்த பாட்டு விழாவின் முன்மாதிரியும் சேர்ந்து அப்போட்டிக்கு உருக்கொடுத்தன. ஏழு நாடுகள், நாட்டுக்கு இரண்டு பாடல்கள் என்ற சிறிய அளவில் தொடங்கிய அந்நிகழ்ச்சியே இன்று உலகறிந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டி. மேடையில் எத்தனை பேர் நிற்கலாம், பாட்டு எவ்வளவு நேரம் நீளலாம், புள்ளிகளை எப்படிக் கூட்டுவது என்பனவற்றுக்கெல்லாம் ஒன்றியம் காலந்தோறும் விதி வகுத்து வந்திருக்கிறது. ஆனால் ஒரு நாடு தன் பாட்டை எவ்வாறு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை மட்டும் அந்தந்த நாட்டு ஒலிபரப்பு நிறுவனத்தின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது.

அந்த விருப்பத்தை நாடுகள் இருவகையாகப் பயன்படுத்தின. நிறுவனத்தின் அதிகாரிகளோ அவர்கள் அமர்த்திய குழுவோ தமக்குள் கூடிப் பேசிப் பாடகரையும் பாட்டையும் அறிவித்துவிடுவது ஒரு வகை. பல பாடல்களை மேடையேற்றி, நடுவர்களோ மக்களோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி உள்நாட்டிலேயே ஒரு போட்டி நடத்துவது மற்றொரு வகை. இரண்டாம் வகையை ஏறத்தாழ இடைவிடாமல் கைக்கொண்டு, அதை நாட்டின் பெரிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுள் ஒன்றாகவே வளர்த்தெடுத்த நாடு ஸ்வீடன். அந்நாட்டின் தேர்வுப் போட்டிக்கு மெலோடிஃபெஸ்டிவாலென் என்று பெயர். மக்கள் பேச்சு வழக்கில் அது ‘மெல்லோ’ என்று சுருங்கும். அதன் வரலாறு, நடுவர் இருக்கையில் யார் அமர்வது என்ற ஒரே கேள்விக்கு ஒரு சமூகம் மாற்றி மாற்றி அளித்த விடைகளின் வரலாறு. அதிகாரிகளிடமிருந்து வல்லுநர்களுக்கும், வல்லுநர்களிடமிருந்து மாவட்டத்து மக்களுக்கும், பின்னர் தொலைபேசி வைத்திருந்த எல்லாருக்கும், அதன் பின் அயல்நாட்டாருக்கும் அந்த இருக்கை கைமாறிச் சென்றது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால், நாட்டு மக்கள் விரும்பும் பாட்டை அனுப்புவதா, பிறநாட்டார் விரும்பக்கூடிய பாட்டை அனுப்புவதா என்ற தீராத வழக்கு இருந்தது.

பாட்டு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது

ஸ்வீடன் யூரோவிஷனில் முதன்முதலாகப் பங்கேற்றது 1958இல். அப்போது வானொலி, தொலைக்காட்சி இரண்டையும் தனியுரிமையாக நடத்திவந்த ஸ்வேர்யெஸ் ராடியோ என்னும் நிறுவனம் போட்டி எதுவும் நடத்தாமல், ஜாஸ் இசையில் புகழ்பெற்றிருந்த ஆலிஸ் பாப்ஸைத் தன் பிரதிநிதியாக நேரே அறிவித்தது. ஓகெ யெர்ஹார்ட் என்பவர் இயற்றிய பாட்டு தேர்வாயிற்று. ஆனால் அதன் சொற்கள் நிறைவளிக்கவில்லை என்று கருதப்பட்டு, அவருடைய இசைவு இல்லாமலே வேறொருவரைக் கொண்டு புதிய சொற்கள் எழுதப்பட்டன. நெதர்லாந்தின் ஹில்வெர்சும் நகரில் நடந்த போட்டியில் அப்பாட்டு நான்காம் இடம் பெற்றபோதும், இயற்றியவரின் மனக்குறை தீராமல் சச்சரவாக வளர்ந்தது. மறு ஆண்டே, 1959இல், ஸ்டாக்ஹோம் நகரின் சீர்குஸ் அரங்கில் பாடல்களுக்கான உள்நாட்டுப் போட்டி நடத்தப்பட்டது. அதுவே பின்னாளைய மெலோடிஃபெஸ்டிவாலெனின் முதல் ஆண்டாகக் கணக்கிடப்படுகிறது. போட்டி என்னும் பொருளில் மெலோடிஃபெஸ்டிவாலென் என்ற பெயர் 1967இல்தான் வழக்குக்கு வந்தது. ‘மெலோடி’ என்பது மெட்டையும் பாட்டையும் குறிக்கும் சொல். ‘ஃபெஸ்டிவால்’ என்பதோடு ஒட்டி நிற்கும் ‘என்’ என்ற ஈறு ஸ்வீடிய மொழியின் சுட்டு ஈறாதலால், முழுப்பெயரும் ‘அந்தப் பாட்டு விழா’ என்று பொருள்படும்.

தொடக்க ஆண்டுகளின் ஒரு வழக்கம் இன்றைய பார்வையாளருக்கு விந்தையாகத் தோன்றும். போட்டி இயற்றியவர்களுக்கிடையே நடப்பதாகவே கருதப்பட்டதால், வென்ற பாட்டைப் பாடியவர்தான் வெளிநாடு செல்ல வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை; ஒரே பாட்டை இருவர் தனித்தனியே பாடிக் காட்டுவதும் உண்டு. 1959இல் வென்ற பாட்டைப் பாடியவர் சிவ் மால்ம்க்விஸ்ட் என்ற இளம் பாடகி. பிரான்சின் கான் நகருக்கு அப்பாட்டுடன் அனுப்பப்பட்டவரோ, நிறுவனம் முன்கூட்டியே முடிவு செய்திருந்த பிரிட்டா போர்க். 1960இல் வேறு இருவர் குரலில் வென்ற பாட்டைப் பாட சிவ் மால்ம்க்விஸ்ட் லண்டனுக்கு அனுப்பப்பட்டார். 1961இல் அவருடைய குரலில் வென்ற பாட்டு மீண்டும் கைமாறி, லில்-பாப்ஸ் என்ற பாடகியால் கான் நகரில் பாடப்பட்டது. தேர்வு மேடை பொதுவில் இருந்தாலும் கடைசிச் சொல் அலுவலகத்தில் இருந்தது என்பதையே இம்மூன்று ஆண்டுகளும் காட்டுகின்றன.

அந்த முதல் பத்தாண்டில் நிகழ்ந்தவற்றுள் இவ்வரலாற்றின் மைய வழக்கை மிகத் தெளிவாக முன்வைத்தது 1963ஆம் ஆண்டு. ஜாஸ் பாடகி மோனிகா செட்டர்லுண்ட் லண்டனில் பாடிய, ஸ்டாக்ஹோம் நகரைப் போற்றும் மென்மையான பாட்டுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. ஆயினும் உள்நாட்டில் அப்பாட்டு மறையவில்லை. தலைநகரைப் பற்றிய பாடல்கள் என்று பேச்சு வரும்போதெல்லாம் நினைக்கப்படும் நிலையான இடத்தை அது பெற்றது. ஊரார் கொண்டாடும் பாட்டை உலகம் பொருட்படுத்தாமல் போகலாம் என்பதும், அவ்வாறு போவதால் பாட்டின் மதிப்பு குறைந்துவிடாது என்பதும் அப்போதே புலப்பட்டுவிட்டன. ஆனால் ஆண்டுதோறும் புள்ளிப் பட்டியலுக்கு விடை சொல்ல வேண்டிய ஒலிபரப்பு நிறுவனத்தால் அந்த நிறைவோடு அமைந்துவிட முடியவில்லை.

மறு ஆண்டு, 1964இல், கலைஞர்களின் தொழில் தகராறு காரணமாக ஸ்வீடன் பங்கேற்கவே இல்லை. 1965இல் அமைதி திரும்பியபோது, போட்டியிட்ட ஆறு பாடல்களையும் ஆபரா பாடகரான இங்வார் விக்செல் ஒருவரே பாடினார். பாடகரின் கவர்ச்சி பாட்டின் தகுதியை மறைக்காது என்ற அளவில், இயற்றியவர்களுக்கான போட்டி என்ற பழைய கருத்தின் உச்சநிலை அது. வென்ற பாட்டை இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் அவர் ஆங்கிலத்தில் பாடியது ஏனைய நாடுகளிடையே முணுமுணுப்பைக் கிளப்பவே, 1966 முதல் ஒவ்வொரு நாடும் தன் தேசிய மொழி ஒன்றிலேயே பாட வேண்டும் என்ற விதியை ஒன்றியம் கொண்டுவந்தது. அவ்வாண்டில் லில் லிண்ட்ஃபோர்ஸும் ஸ்வாந்தெ தூரெசோனும் ஸ்வீடிய மொழியிலேயே பாடி இரண்டாம் இடத்தைப் பெற்றார்கள் என்பது, மொழி ஒரு தடை என்று வாதிட்டவர்களுக்கு எதிரான சான்றாக அமைந்தது.

வல்லுநரா, மாவட்டமா?

1960களின் இறுதியில் தேர்வுப் பொறுப்பு மாவட்ட நடுவர் குழுக்களிடம் இருந்தது. நாட்டின் பல நகரங்களில் அமைக்கப்பட்ட குழுக்கள் தத்தம் ஊரிலிருந்தபடியே நிகழ்ச்சியைக் கேட்டுப் புள்ளிகளைத் தெரிவிப்பது அம்முறை. 1969இல் டாமி ஷோர்பெர்க் பாடிய பாட்டும், நடிகர் யான் மால்ம்ஷோ பாடிய பாட்டும் சமநிலையில் நின்றபோது, குழுக்களிடம் மீண்டும் கருத்துக் கேட்கப்பட்டு ஷோர்பெர்க் வென்றார். தோற்ற பாட்டை இயற்றிய இருவருள் ஒருவர் பென்னி ஆண்டர்சன். ஐந்து ஆண்டுகளில் உலகம் அறியப்போகும் பெயர் அது. அதே ஆண்டு மாட்ரிட் நகரில் நடந்த யூரோவிஷனிலும் சமநிலை ஏற்பட்டது. ஆனால் அங்கே அதைத் தீர்க்கும் விதி இல்லாததால் ஸ்பெயின், பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ் ஆகிய நான்கு நாடுகளும் வென்றதாக அறிவிக்கப்பட்டன. சமநிலையைத் தன் வீட்டில் ஒழுங்காகத் தீர்த்திருந்த ஸ்வீடன், இந்தக் குழப்பத்தின் மீதான அதிருப்தியால் ஃபின்லாந்து, நார்வே முதலிய நாடுகளோடு சேர்ந்து 1970ஆம் ஆண்டுப் போட்டியிலிருந்து விலகி நின்றது.

1971இல் மேடையில் ஆறு பேர் வரை நிற்கலாம் என்று ஒன்றியம் விதியைத் தளர்த்தியதும், 1973இல் எம்மொழியிலும் பாடலாம் என்று மொழி விதியை நீக்கியதும், ஸ்வீடனில் குழுவாகப் பாடுவோர்க்கும் ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கும் வழி திறந்தன. முன்னதன் பயனாக ஃபேமிலி ஃபோர் என்ற நால்வர் குழு 1971, 1972 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உள்நாட்டுப் போட்டியை வென்றது. 1973இல் நிறுவனம் மாவட்டக் குழுக்களை ஒதுக்கிவிட்டு, இசை வல்லுநர்கள் அடங்கிய ஒரே குழுவிடம் முடிவை ஒப்படைத்தது. அவ்வாண்டு பியோர்ன் உல்வேயுஸ், பென்னி ஆண்டர்சன், அங்னேதா ஃபெல்ட்ஸ்கோக், அன்னி-ஃப்ரீத் லிங்ஸ்டாட் ஆகிய நால்வர் பாடிய ‘ரிங் ரிங்’ என்ற துள்ளலான பாட்டு மக்களிடையே பெருவரவேற்பைப் பெற்றும், வல்லுநர்கள் அதை மூன்றாம் இடத்திலேயே வைத்தார்கள். அவர்கள் முதலிடம் அளித்தது ‘மால்டா’ என்ற பெயர் கொண்ட இருவர் குழுவுக்கு. மால்டா ஒரு நாட்டின் பெயராகவும் இருந்ததால் யூரோவிஷனுக்காக அக்குழு ‘நோவா’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. லக்ஸம்பர்க்கில் அது பெற்ற ஐந்தாம் இடம் இழிவானதன்று. இருந்தும், இசைத்தட்டுக் கடையில் மக்கள் தேடி வாங்கிய பாட்டை ஓர் அறைக்குள் அமர்ந்த சிலர் தள்ளிவிட்டார்கள் என்ற எண்ணம் நாட்டில் பரவி, வல்லுநர் குழு ஓராண்டோடு கைவிடப்பட்டது.

1974 பிப்ரவரி 9 அன்று நடந்த தேர்வில் வடக்கே லூலியோ, ஊமியோ முதல் தெற்கே மால்மோ வரை பதினொரு நகரங்களின் குழுக்கள் மீண்டும் அமர்ந்தன. முந்தைய ஆண்டு மூன்றாம் இடத்தில் நின்ற அதே நால்வர், இப்போது தம் பெயர்களின் முதலெழுத்துகளால் அமைந்த ‘அப்பா’ என்ற புதுப்பெயருடன் ‘வாட்டர்லூ’ பாட்டைப் பாடி 302 புள்ளிகள் பெற, இரண்டாம் இடத்துப் பாட்டுக்கு 211 புள்ளிகளே கிடைத்தன. ஏப்ரல் 6 அன்று இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் அப்பாட்டு ஸ்வீடனுக்கு முதல் யூரோவிஷன் வெற்றியைத் தந்தது. மக்களுக்குப் பிடித்ததும் உலகுக்குப் பிடித்ததும் ஒன்றேயாக அமைந்த அரிய ஆண்டு அது. பின்வந்த தேர்வு முறைகள் எல்லாம் அந்த ஒருமைப்பாட்டை விதிகளின் மூலம் திரும்பவும் நிகழ்த்திக் காட்ட முயன்றவையே எனலாம்.

வெற்றியின் விலை

வென்ற நாடு மறு ஆண்டுப் போட்டியை ஏற்று நடத்துவது யூரோவிஷன் மரபு. அம்மரபுப்படி 1975இல் ஸ்டாக்ஹோமில் போட்டி நடந்தது. ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த பத்துப் பாடல்களுக்கு 1 முதல் 8 வரையும், பின் 10, 12 என்றும் புள்ளியளிக்கும், இன்றளவும் புகழ்பெற்ற முறை அங்கேதான் முதன்முதலாகக் கையாளப்பட்டது. ஆனால் ஸ்வீடனின் உள்நாட்டுச் சூழல் விழாவுக்கு இணக்கமாக இல்லை. இடதுசாரிச் சிந்தனையின் செல்வாக்கில் வளர்ந்திருந்த ‘புரோக்’ என்னும் மாற்று இசை இயக்கத்தினர், இசையை விற்பனைப் பண்டமாக்கிப் பந்தயத்தில் விடும் நிகழ்ச்சிக்கு மக்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்தைச் செலவிடுவதா என்று கேட்டார்கள். வானொலியோ தொலைக்காட்சியோ வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டாரும் ஒலிபரப்பு நிறுவனத்தின் செலவுக்காகச் செலுத்திய தொகையே அந்தக் கட்டணம். யூரோவிஷன் நடந்த அதே நாள்களில் அவர்கள் ஸ்டாக்ஹோமிலேயே மாற்று விழா ஒன்றை நடத்தினார்கள். எதிர்ப்பும், மீண்டும் வென்றால் மீண்டும் செலவை ஏற்க நேருமே என்ற தயக்கமும் சேர, 1976இல் ஸ்வீடன் போட்டியிலிருந்து விலகியது. உள்நாட்டுத் தேர்வும் நடக்கவில்லை.

1964, 1970, 1976 ஆகிய இம்மூன்றும்தான் 1958க்குப் பின் யூரோவிஷன் நடந்தும் ஸ்வீடன் பங்கேற்காத ஆண்டுகள். முதலாவது கலைஞர்களின் குறையாலும், இரண்டாவது போட்டி விதியின் குறையாலும், மூன்றாவது போட்டி என்ற ஏற்பாட்டின் மீதே எழுந்த ஐயத்தாலும் நேர்ந்தவை. மூன்றாவது விலகல் ஓராண்டில் முடிந்துவிட்டபோதும், பொதுப்பணத்தில் நடக்கும் பாட்டுப் போட்டி பொதுமக்களுக்கு எவ்வகையில் உரியது என்ற கேள்வியை அது விட்டுச் சென்றது. 1977இல் ஒன்றியம் தேசிய மொழி விதியைத் திரும்பக் கொண்டுவர, அவ்வாண்டு ஸ்வீடனின் சார்பில் பிரிட்டனின் பீட்டில்ஸ் குழுவைப் போற்றும் பாட்டொன்று ஸ்வீடிய மொழியில் பாடப்பட்டுக் கடைசி இடத்தைப் பெற்றது.

1980களில் விழா குடும்பங்களின் ஆண்டு வழக்கமாக ஊன்றியது. ‘ஷ்லாகர்’ என்ற சொல் அக்காலத்தில் போட்டியோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது. ஜெர்மன் மொழியில் அடித்து வெற்றிபெறும் பாட்டு என்ற பொருளுடைய அச்சொல், ஸ்வீடனில் எளிதில் மனத்தில் பதியும் பல்லவியும், முடிவுக்குச் சற்று முன் சுருதி ஒரு படி உயரும் திருப்பமும் கொண்ட பாட்டு வகையைக் குறிக்கலாயிற்று. 1983இல் 16 வயதுக் கரோலா ஹெக்விஸ்ட் எல்லா நடுவர் குழுக்களிடமும் உச்சப் புள்ளியைப் பெற்று வென்றதும், 1984இல் ஹெர்ரீஸ் சகோதரர்கள் மூவர் லக்ஸம்பர்க்கில் இரண்டாம் யூரோவிஷன் வெற்றியை ஈட்டியதும், 1991இல் அதே கரோலா ரோம் நகரில் பிரான்சோடு 146 புள்ளிகளில் சமநிலையில் நின்று, 10 புள்ளிகளை அதிக முறை பெற்றவர் என்ற விதியால் வென்றதும் அந்த வகைப் பாட்டின் பொற்கால நிகழ்ச்சிகள்.

தொலைபேசி வந்த பிறகு

1993இல் நடுவர் குழுக்களுக்குப் பதிலாகப் பார்வையாளர்களே தொலைபேசியில் வாக்களிக்கும் முறை சோதித்துப் பார்க்கப்பட்டபோது, ஒரே நேரத்தில் குவிந்த அழைப்புகளால் நாட்டின் தொலைபேசி வலைப்பின்னல் நிலைகுலையும் அளவுக்குத் திணறியது. ஆர்வம் இருந்தது, தாங்கும் கம்பிகள் இல்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1999இல், பாதிப் புள்ளிகள் நடுவர்களுக்கும் பாதிப் புள்ளிகள் தொலைபேசி வாக்குகளுக்கும் என்ற ஏற்பாடு நிலைபெற்றது. அதே ஆண்டு யூரோவிஷனில் மொழிக் கட்டுப்பாடு மறுபடியும் நீங்க, உள்நாட்டில் ஸ்வீடிய மொழியில் வென்ற ஷார்லொட் நில்சனின் பாட்டு ஆங்கிலமாக்கப்பட்டு ஜெருசலேம் நகரில் வெற்றி பெற்றது. 2002 முதல் உள்நாட்டு மேடையிலும் எம்மொழியிலும் பாடலாம் என்றாயிற்று. அதன் பின் வெளிநாடு சென்ற பாடல்களுள் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே பிறந்தன.

2002ஆம் ஆண்டு வேறொரு வகையிலும் திருப்புமுனை. போட்டியின் பொறுப்பை ஏற்ற கிறிஸ்டர் பியோர்க்மான், தாமே 1992இல் மெலோடிஃபெஸ்டிவாலெனை வென்று, மால்மோ நகரில் தம் நாட்டு மக்கள் முன்னிலையில் 23 பாடல்களுள் 22ஆம் இடம் பெற்றவர். உள்நாட்டுப் புகழும் வெளிநாட்டு மதிப்பும் எவ்வளவு விலகி நிற்கக்கூடும் என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் இருக்க முடியாது. ஒரே இரவில் முடிந்த நிகழ்ச்சி அவர் காலத்தில் ஆறு நிகழ்ச்சிகளாக விரிந்தது. 32 பாடல்கள் நான்கு தகுதிச் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டு நான்கு ஊர்களில் பாடப்பட்டன. ஒவ்வொரு சுற்றிலும் முதலிரண்டு இடம் பெற்றவை இறுதிச் சுற்றுக்கு நேரே செல்ல, அடுத்த இரண்டும் ‘இரண்டாம் வாய்ப்பு’ என்ற சுற்றில் மீண்டும் மோதின. சுற்றுகள் தலைநகரை விட்டு நடுத்தர ஊர்களின் ஐஸ் ஹாக்கி அரங்குகளுக்குச் சென்றதால், முன்னர் நடுவர் குழுவின் குரலாக மட்டும் தொலைக்காட்சியில் ஒலித்த மாவட்டங்கள் இப்போது விழாவின் களமாகவே ஆயின. தொலைபேசி வாக்குக் கட்டணத்தின் ஒரு பகுதி அறப்பணி நிதிக்குச் சென்றது. ஏறத்தாழ 90 லட்சம் மக்கள் வாழ்ந்த அந்நாட்டில், இறுதிச் சுற்றைப் பார்த்தோர் எண்ணிக்கை நல்ல ஆண்டுகளில் 40 லட்சத்தை எட்டியது.

வாக்கும் நடுவரும் பாதிக்குப் பாதி என்ற ஏற்பாட்டில் இரண்டும் மோதிக்கொள்ளும் ஆண்டுகள் வராமல் போகுமா? 2005இல் மக்கள் வாக்கில் முன்னின்றவர் நன்னெ குரோன்வால்; நடுவர் புள்ளிகளின் பலத்தில் கீவ் நகருக்குச் சென்றவர் மார்ட்டின் ஸ்டென்மார்க். அவர் 19ஆம் இடம் பெற்றார். 2008இல் மக்கள் வாக்கு சன்னா நீல்சனுக்கு; நடுவர் ஆதரவும் கூட்டுப்புள்ளியும், 1999இல் ஷார்லொட் நில்சன் என்ற பெயரில் வென்றிருந்த ஷார்லொட் பெரெல்லிக்கு. பெல்கிரேடில் அவருக்குக் கிடைத்தது 18ஆம் இடம். நடுவர்கள் அறிவார்கள், மக்கள் உணர்வார்கள் என்று பங்கு பிரித்த கணக்கு இரு முறையும் பிழைத்தது. 2010இல் நிலைமை மேலும் மோசமாகி, அன்னா பெர்யெந்தால் ஆஸ்லோ நகரில் இறுதிச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. அரையிறுதிகள் ஏற்பட்டபின் ஸ்வீடன் அங்கேயே நின்றுவிட்ட ஒரே ஆண்டு அது.

அயலார் செவி

அந்தத் தோல்விக்கு அளிக்கப்பட்ட விடை, தேர்வுப் போட்டிகளின் வரலாற்றில் வழக்கத்துக்கு மாறானது. 2011இல் ஸ்வீடனின் மாவட்ட நடுவர் குழுக்கள் முற்றிலும் நீக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் பதினொரு வெளிநாட்டு நடுவர் குழுக்கள் அமர்த்தப்பட்டன. ஒவ்வொரு குழுவும் ஏழு பாடல்களுக்கு 1, 2, 4, 6, 8, 10, 12 என 43 புள்ளிகளைப் பகிர்ந்தளிக்க, அவற்றின் கூட்டுத்தொகையான 473 புள்ளிகளுக்குச் சமமான மற்றொரு 473 புள்ளிகள் மக்கள் வாக்கின் விழுக்காட்டுப்படி பிரிக்கப்பட்டன. தன் நாட்டுப் பாட்டை முடிவு செய்யும் அதிகாரத்தில் பாதியை அயல்நாட்டாரிடம் ஒரு பொது நிறுவனமே விரும்பி ஒப்படைத்தது என்பது முரணாகத் தோன்றினாலும், அதன் தர்க்கம் எளிது. பாட்டு எந்தச் செவிகளுக்குப் போகிறதோ அந்தச் செவிகளிடமே முன்கூட்டிக் கேட்டுவிடுவது என்பதுதான் அது. ஏற்றுமதிச் சரக்கைக் கப்பலேற்றுமுன் வாங்குவோரிடம் மாதிரி காட்டும் வணிகரின் நடைமுறையை ஒத்தது.

ஏற்றுமதி என்ற உவமை இங்கே வெறும் அணியன்று. 1990களில் டெனிஸ் பாப், மேக்ஸ் மார்ட்டின் ஆகியோர் ஸ்டாக்ஹோமின் ஷெய்ரோன் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து அமெரிக்கப் பாடகர்களுக்கு மெட்டமைத்துத் தந்ததோடு, ஆங்கிலப் பாப் பாட்டை எழுதுவது ஸ்வீடனில் ஒரு தொழிலாகவே வேரூன்றியிருந்தது. அத்தொழிலில் பயின்றவர்கள் தம் நாட்டுப் போட்டிக்கு எழுதியதோடு நில்லாமல் பிற நாடுகளின் பாடல்களையும் எழுதினார்கள். 2011இல் அசர்பைஜான் வென்ற பாட்டை இயற்றியவர்களுள் ஸ்வீடியர் இருவர் இருந்தனர். இத்தகைய சூழலில், அயலார் செவியைக் கேட்டுத் தேர்வது தொழில் வழக்கத்தின் இயல்பான நீட்சியாகவே பட்டது.

புள்ளிக் கணக்கில் அது பலனளித்தது. 2012இல் லொரீன் பாடிய, தோமஸ் ஜி:சோனும் பீட்டர் பூஸ்ட்ரோமும் இயற்றிய ‘யூஃபோரியா’ பாக்கு நகரில் 372 புள்ளிகளுடன் வென்றது. 2015இல் மோன்ஸ் செல்மர்லொவ் வியன்னாவில் 365 புள்ளிகளுடன் வென்றார். 2014 முதல் 2019 வரை ஒவ்வோர் ஆண்டும் ஸ்வீடன் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. 2023இல் லொரீன் லிவர்பூல் நகரில் மீண்டும் வென்று, இருமுறை வென்ற முதல் பெண் என்ற பெருமையோடு, ஏழு வெற்றிகள் என்ற அயர்லாந்தின் எண்ணிக்கைக்குத் தன் நாட்டையும் உயர்த்தினார். ஆனால் முறையின் எல்லையும் இடையிலேயே தெரிந்துவிட்டது. 2018இல் பெஞ்சமின் இங்ரோசோவின் பாட்டுக்கு யூரோவிஷன் நடுவர்கள் இரண்டாம் இடமும், ஐரோப்பிய மக்கள் 23ஆம் இடமும் அளித்தார்கள். நடுவர்களின் சுவையை முன்கூட்டி அறிய உதவிய ஏற்பாடு, பிறநாட்டு மக்களின் சுவையை அறிய உதவவில்லை.

உள்நாட்டிலும் மக்கள் வாக்கு வேறு வகையில் வலுவிழந்து வந்தது. 2015இல் கைப்பேசிச் செயலி வழியாகக் கட்டணமின்றி ‘இதயங்கள்’ அளிக்கும் முறை வந்தபோது, ஒரே பாட்டுக்கு ஐந்து முறை வரை வாக்களிக்கலாம் என்பதாலும், சிறுவர் முதல் முதியோர் வரை பிடித்த பாடல்களுக்கெல்லாம் இதயங்களை வாரி வழங்கியதாலும், பாடல்களுக்கிடையேயான விழுக்காட்டு வேறுபாடு மிகச் சிறிதாகச் சுருங்கி, நடுவர்களின் சொல்லே முடிவானது. இதைத் திருத்த 2019இல் வாக்காளர்கள் வயதுவாரியாகப் பிரிக்கப்பட்டார்கள். 3 முதல் 9 வயதுவரை ஒரு பிரிவு, 75 வயதுக்கு மேற்பட்டோர் ஒரு பிரிவு, இடையே ஐந்து பிரிவுகள் என ஏழும், தொலைபேசியில் வாக்களிப்போர் எட்டாவதுமாக, ஒவ்வொரு பிரிவும் ஒரு நடுவர் குழுவைப் போலவே 12 வரை புள்ளிகள் அளித்தது. ஒரு காலத்தில் ஊரின் பெயரால் பிரிந்து தீர்ப்பளித்த நாடு, இப்போது தலைமுறையின் பெயரால் பிரிந்து தீர்ப்பளித்தது. பாட்டியின் தெரிவும் பேரனின் தெரிவும் திரையில் அடுத்தடுத்துத் தோன்றும் அந்த ஏற்பாடு, மெல்லோவைக் குடும்பம் கூடிப் பார்க்கும் நிகழ்ச்சியாக உருவகித்த நிறுவனத்தின் எண்ணத்துக்கும் பொருந்தியது.

வோரோவிலிருந்து வந்த மூவர்

2025இன் முடிவு இந்த நீண்ட வழக்கில் எதிர்பாராத சாட்சியாக வந்தது. பத்தாண்டுகளுக்கு முன் வியன்னாவில் வென்ற மோன்ஸ் செல்மர்லொவ் மறுபடியும் போட்டியிட, பலரும் அவரையே எதிர்பார்த்திருந்த வேளையில், மக்கள் வாக்கின் பலத்தில் வென்றது ‘காய்’ என்ற மூவர் குழு. கெவின், ஆக்செல், யாக்கோப் என்ற மூவரின் முதலெழுத்துகளே அக்குழுவின் பெயர். அவர்கள் ஸ்வீடன் நாட்டவர் அல்லர். ஃபின்லாந்தின் மேற்குக் கரையில், ஸ்வீடிய மொழி பேசும் சிறுபான்மையினர் வாழும் ஓஸ்டர்போத்தனியா வட்டாரத்தின் வோரோ என்ற சிற்றூரைச் சேர்ந்தவர்கள். அவர்களின் பாட்டு நீராவிக் குளியலான சவுனாவைப் பற்றிய நகைச்சுவைப் பாட்டு. அதன் மொழி அவ்வட்டாரத்து ஸ்வீடிய வழக்கு. ஆங்கிலப் பாப் இசையின் பளபளப்போ, அயலார் செவிக்கேற்ற கணக்கோ அதில் இல்லை. 1998க்குப் பின் யூரோவிஷனில் ஸ்வீடனின் சார்பில் ஸ்வீடிய மொழியில் ஒலித்த முதல் பாட்டும் அதுவே.

பந்தயக்காரர்களின் கணிப்பில் முன்னணியில் நின்ற அப்பாட்டு, 2025 மே மாதம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 321 புள்ளிகளுடன் நான்காம் இடம் பெற்றது. 1958இல் ஆலிஸ் பாப்ஸ் பெற்றதும் நான்காம் இடமே. அன்று ஒரு பாட்டின் சொற்கள், இயற்றியவரைக் கேளாமலே அலுவலக மேசையில் மாற்றப்பட்டு வெளிநாடு சென்றன. இன்று எல்லைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரின் பேச்சுவழக்கு, ஆங்கிலமாக்கப்படாமல், மூன்று வயதுக் குழந்தை முதல் வாக்களித்த ஒரு நாட்டின் பெயரால் சென்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட 67 ஆண்டுகளில் நடுவர் இருக்கை எத்தனையோ முறை இடம் மாறியிருக்கிறது. இரு பாடல்களும் பெற்ற நான்காம் இடம் ஒன்றே, அதற்கு வந்து சேர்ந்த வழி வேறு. புள்ளிப் பட்டியலை மட்டும் வைத்து எழுதப்படும் வரலாற்றில் அந்த வேறுபாடு தெரியாது. யார் தேர்ந்தார்கள் என்று கேட்டு எழுதப்படும் வரலாற்றிலேயே அது தெரியும்.